மீன் சாப்பிட்ட ரத்தம்

ஆனைமலை
3.7.2025

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மாவின் ஆசிகள். புனேயில் மழை எப்படி? மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா?

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனைப் பெட்டியில் நானும் உங்கப்பாவும் விரலைக் குத்தி, அட்டையில் சொட்டு விட்டு அனுப்பினோமே, அந்த ரிப்போர்ட் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டது. மருந்துக்கடை கனிஷ்காவிடம் காட்டினேன். எனக்கு எண்ணெயில் வரும் ஒமேகா ஆறு கொழுப்பு பதினெட்டுப் பங்கு, மீனில் வரும் ஒமேகா மூன்று ஒரே பங்காம். பாக்கெட் எண்ணெயைக் குறைக்கச் சொன்னாள். உங்கப்பாவுக்கு நாலுக்கு ஒன்று. "அப்பா வாரத்துல ரெண்டு மூணு தடவை கடல்மீன் சாப்பிடறாருங்களா?" என்று கேட்டாள். ரிப்போர்ட்டை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அக்கா யுவஸ்ரீ, பிரான்சிஸைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து நான் மீன் தொடவில்லை. அவள் திரும்பி வரும்வரை தொடுவதில்லை என்று மாசாணியம்மனிடம் வேண்டுதல். அவளை வாசல் மிதிக்க விடமாட்டேன் என்ற உங்கப்பா, எனக்காக மீனை மட்டும் விட்டார். ஆறு வருஷம் ஆகிறது. அட்டை மாறிவிட்டதா? போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். கடிதம் எழுது.

அம்மா
சாமியாத்தாள்

புனே
10.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

லேபில் அட்டை மாறியிருக்கும். ஆளி விதை சாப்பிட்டாலும் அப்படிக் காட்டுமாம். ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவிடம் எதுவும் கேட்காதே அம்மா, வீணாகச் சண்டை வரும். உன் எண்ணெயை மட்டும் மாற்று.

உன் பிரியா

ஆனைமலை
18.7.2025

பிரியா கண்ணு,

ஆளி விதை எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் உலை வைப்பவள் நான்.

சாப்பாட்டில் உட்கார்ந்தவரிடம் ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். பாக்கு மண்டி வேலை என்று செவ்வாயும் புதனும் மேட்டுப்பாளையத்தில் தங்குகிறாரே, அது யுவா வீடாம். மூன்று வருஷமாகப் போகிறாராம். அவள் மீன் குழம்பு வைத்துப் போடுகிறாளாம்.

அவளோடு பேசினால் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று என்னை மிரட்டியவர் இவர். வளைகாப்புக்கு ஒரு கண்ணாடி வளையல்கூட அனுப்ப விடவில்லை. எங்கிட்ட ஏனுங்க சொல்லவில்லை என்றேன். "நீ அன்னைக்கே அவளக் கூட்டிட்டு வந்துருவே. ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

பிறகுதான், பிரியாவுக்கும் தெரியும் என்றார். தெரியுமா கண்ணு?

அம்மா

புனே
23.7.2025

அம்மா,

தெரியும். ரெண்டு வருஷமாக அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னால் அங்கே போவதையே நிறுத்திவிடுவேன் என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு அவராவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பெரியம்மாவுக்கு மாரடைப்பு வந்த பயத்தில் அந்தப் பெட்டியை அனுப்பினேன். ரத்தம் இதையெல்லாம் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

பிரியா

மேட்டுப்பாளையம்
31.7.2025

பிரியாவுக்கு,

செவ்வாய்க்கிழமை உங்கப்பா ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். அவர் கோயம்புத்தூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்த யுவா என்னைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிரான்சிஸ் என் பையை வாங்கிக்கொண்டான். நாலு வயசு வர்ஷினி உள்ளேயிருந்து ஓடிவந்து, "அப்புச்சி" என்று உங்கப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

நான் யாரென்று உங்கப்பா சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

நேற்று அவர் மட்டும் ஊருக்குப் போனார். சாமியாத்தாள் எங்கே என்று கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்லட்டும். நான் இங்கேதான் இருக்கப்போகிறேன். நீ கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

சாமியாத்தாள்