புதன்கிழமைகளில் அடைத்த வாசல்

அக்கா,

இன்று காலையில் எனக்கு இருமல் மருந்து கொடுக்க வந்தாள் பேத்தி. பாட்டிலின் மூடியிலேயே கோடு போட்டிருக்கிறது, அதில் ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான் என்றாள். நான் பாட்டிலைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "எதைத் தேடுதீக ஆச்சி?" என்றாள். "இதுல பட்டைக் காகிதம் ஒட்டலையா?" என்றேன். அவள் மதுரைக் கல்லூரியில் மருந்துப் படிப்பே படிக்கிறாள். எங்கள் வம்சத்தில் முதல் ஆள். அவளுக்கே நான் கேட்டது புரியவில்லை.

ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலின் முதுகில் கஞ்சிப்பசை தடவி நீங்கள் ஒட்டுவீர்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பல்லை வைத்து மருந்து சாப்பிட்டார்கள். அதைப் பேத்திக்கு எடுத்துச் சொன்னேன். "யாரு ஆச்சி அப்படி ஒட்டுவாங்க?" என்றாள். டாக்டர் ஐயா ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற அக்கா என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். மேற்கொண்டு சொல்ல வேண்டியது அவளிடம் இல்லை, உங்களிடம்.

காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலின் கீழ்ப்படியில் பாட்டில் வரிசை ஆரம்பித்துவிடும். ஆளே நிற்க வேண்டாம், பாட்டில் நின்றால் போதும். அடையாளத்துக்கு ஒருத்தி பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பாள், ஒருத்தி துணித் தக்கை வைத்திருப்பாள். எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கி, வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசை மாறாமல் பாட்டிலை எடுத்து டோக்கன் கொடுப்பீர்கள். தேவதானத்திலிருந்தும் சேத்தூரிலிருந்தும் வருகிறவர்களுக்கென்று பத்து டோக்கன் தனியாக உங்கள் பையில் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்தால், "நீங்க வீட்டுக்குப் போயி தோசை சுட்டுட்டு வரலாம், அவிய பஸ்ஸ விட்டா நடந்துதான் போணும்" என்பீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. மத்தியானத்தில் ஐயா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பார். இதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. உங்களைக் கேட்டால் தெரியும்.

"மூச்சு வாங்குறவுகளுக்கு டோக்கன் கிடையாது" என்பதும் நீங்கள் சொன்னதுதான். அவர்களை நேரே உள்ளே விட்டுவிடுவீர்கள். எங்கள் வீட்டுக்காரரை அப்படி எத்தனை தடவை விட்டிருப்பீர்கள்! மில்லில் பஞ்சு உதறுகிற இடத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர். கார்த்திகை பிறந்து மலைக்காற்று இறங்கினால் அவர் நெஞ்சுக்குள் பூனை கத்தும். வாரத்துக்கு ஒரு ஊசி, புதன்கிழமைதோறும் போட வேண்டும், ஐயா குழலை வைத்து நெஞ்சைக் கேட்க வேண்டும். அந்த ஊசி தவறினால் அவர் தேற மாட்டார் என்று ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்த ஏழு படி. மழைத்தண்ணீர் தெருவில் ஓடினாலும் உள்ளே வராமலிருக்க உயரமாகக் கட்டிய படிகள். நல்ல காலத்தில் எண்ணாமல் ஏறினோம். அந்த வருஷம் மார்கழியில் சைக்கிள் ரிக்‌ஷாவில் அவரைக் கொண்டுவந்து இறக்கினபோது, அவர் முதல் படியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் மேலேயிருந்து இறங்கி ஓடி வந்தீர்கள்.

"ஏட்டி, அவியள இந்தப் படியில ஏத்தாத. சந்து வழியா வா. பின்வாசலத் தெறந்து வச்சிருக்கேன், அங்க தரை மட்டம்."

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. என் காதில் 'பின்வாசல்' மட்டும்தான் விழுந்தது.

என் அம்மா தேவதானத்தில் ஒரு பண்ணை வீட்டின் பின்வாசலிலேயே நின்று தேய்ந்தவள். நெல் புடைக்கப் போனாலும் பின்வாசல், கூலி வாங்கப் போனாலும் பின்வாசல், எனக்குக் காய்ச்சல் என்று ஒரு கை அரிசி கேட்டு நின்றதும் பின்வாசல். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திக் கூப்பிட்டுக்கொண்டு போனதும் அங்கேதான். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த அன்று, இனி எந்த வீட்டின் பின்வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

"ஏன்க்கா, நாங்க முன்வாசல்ல ஏறுனா படி தேஞ்சு போயிருமோ?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னத்தட்டி பேசுத? அவிய மூச்சப் பாரு."

"எங்கம்மா நின்ன பின்வாசல் போதும். எம் புருசன் முன்வாசல்லதான் ஏறுவாரு. பெரிய பெரிய ஆளுகளுக்குத்தான் முன்வாசலுன்னு ஒங்க டாக்டரு சொல்லிக் குடுத்தாரோ?"

நகர்ந்து வழிவிட்டீர்கள். நான் அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றினேன். ஐந்தாம் படியில் அவர் கால் மடங்கியது. சரிந்து விழுந்த வேகத்தில் கீழ்ப்படியில் நின்ற பாட்டில்கள் நாலைந்து உருண்டு உடைந்தன. தலை கல்லில் மோதாமல் உங்கள் மடியில் ஏந்திக்கொண்டீர்கள். ஐயா ஊசியோடு ஓடி வந்தார். தெருவில், மில் ஆட்கள் ஷிப்டு முடிந்து போகிற நேரத்தில், சட்டையைத் திறந்துபோட்டு, அந்தப் படியில் வைத்தே வைத்தியம் நடந்தது. உயிர் வந்துவிட்டது.

அவருக்கு வந்த உயிர் பெரிதாகத் தெரியவில்லை, போன மானம்தான் தெரிந்தது. "கூட வேலை பாத்த பயலுவ அம்புட்டுப் பேரும் பாத்துட்டுப் போனானுவ. இனி அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐயாவை வீட்டுக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "அந்த ஸ்கூட்டரு நம்ம வாசல்ல நின்னா, நாளைக்கே தெருவுல பாடை கட்ட மூங்கில் கேப்பாக" என்றார். ஒரு வாரம் ஊசி தவறியது. இரண்டாவது வாரமும் தவறியது. என் வாயால் வந்த வினை என்று எனக்குத் தெரியும். அவரும் நீங்களும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

நான் மட்டும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கு வந்தேன்.

"அவிய எப்படி இருக்காக?" என்பீர்கள்.

"இருக்காக" என்பேன்.

அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் மட்டும், "மூச்சு முடியலையா, இல்ல, வரமாட்டேங்காகளா?" என்று கேட்டீர்கள். "வரமாட்டேங்காக" என்றேன். மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, வந்து பார்த்தால் முன்கதவு அடைத்திருந்தது. கதவில் ஒரு சிலேட்டு தொங்கியது. புதன்கிழமைகளில் எல்லோரும் சந்து வாசல் வழியாக வரவும் என்று சுண்ணாம்புக்கட்டியில் உங்கள் கையெழுத்து. எல்லோரும் என்பதை மட்டும் பெரிதாக எழுதியிருந்தீர்கள்.

சந்துக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், டாக்டர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தது. அதில் நூல் கடை முதலாளி ஜரிகை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையிலும் மடியிலும் முருங்கைப் பூ.

"என்னம்மா இது, எங்களையெல்லாம் கொல்லப்பக்கம் தள்ளிட்டீக?"

"முன்கதவு நிலை எறங்கிப் போச்சு அண்ணாச்சி. புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஆசாரி வந்து பாக்காரு" என்றீர்கள்.

"ஆசாரியவே காணுமே?"

"ஒங்களுக்கு டாக்டரப் பாக்கணுமா, ஆசாரியப் பாக்கணுமா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்தார். நான் வீட்டுக்கு ஓடிப்போய், "நூல் கடை மொதலாளியே சந்து வழியாத்தான் வாராரு. பட்டறைக்காரரு, வாத்தியாரு, எல்லாரும் அந்த வழிதான். படியே கிடையாது" என்று சொன்னேன். அடுத்த புதன்கிழமை காலையில், அவர் எழுந்து தானாகச் சட்டை போட்டார்.

ஒரு மாதம் கழித்து, வியாழக்கிழமையொன்றில் முன்வாசல் வழியாக வந்தேன். நீங்கள் உள்ளே மருந்து கலக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு என்னவோ தோன்றி அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. இழுத்தேன், சத்தமில்லாமல் திறந்தது. நிலையைக் கையால் தடவினேன். ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. உளி பட்ட தடமும் இல்லை. திரும்பினால் நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. "டோக்கன் வாங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். தப்பாப் பேசிட்டேன்க்கா. மூன்று வார்த்தைகூட இல்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம், எத்தனையோ புதன்கிழமை. ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சந்துக்குள் நுழைவேன். அவர் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருவார், நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். உங்களிடம் தோற்றுப்போனதுபோல ஆகிவிடும் என்று இருந்தது. ஜெயித்ததும் தோற்றதும் உங்கள் மனதில் இருந்ததா என்ன? என் மனதில்தான் இருந்தது.

அந்த ஆறு வருஷத்தில் அவர் மகள் கல்யாணத்தைப் பார்த்தார், இந்தப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். நிலை இறங்கின கதையைக் கடைசிவரைக்கும் நம்பினார். "இம்புட்டு வருசமா ஒரு நிலைய நிமுத்தத் தெரியல, என்ன ஆசாரியோ" என்று அந்த ஆசாரியைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். துட்டி கேட்க வந்தீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தீர்கள். நான் அழுகிற சாக்கில் கையை உருவிக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேலையில்லாமல் போயிற்று. அந்த வழியாகப் போகும்போது புதன்கிழமையானால் சந்தைப் பார்ப்பேன். செண்பகத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்த நிறைமாசக்காரிகள், கம்பு ஊன்றினவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்தவர்கள் என்று பெஞ்சு நிறைந்திருக்கும். ஐயா காலமாகி ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். நீங்கள் பஸ் ஏறி வருவதும் நின்றது.

போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், பேச்சுவாக்கில் உங்களைப் பற்றிச் சொன்னாள். "அவிய போயி ரெண்டு மாசம் ஆச்சே, தெரியாதா?" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டேன். இறங்கி நின்ற பிறகுதான் உங்கள் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை, பஸ் போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சில் எத்தனை இரைச்சல் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு யார் இருக்கிறார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் யார் கதவைத் திறப்பார்கள் என்று நான் ஒரு நாள் கேட்டதில்லை. யாரிடம் என்னவென்று விசாரிப்பது? வெயிலில் செத்த நேரம் நின்றுவிட்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஐயா இல்லை, அவர் இல்லை, நீங்களும் இல்லை. அந்தக் கதவு எதற்காக அடைத்துக் கிடந்தது என்று தெரிந்தவள் இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான். பேத்தியிடம் சொல்லலாம். சொன்னால், "நீங்க அப்புறம் அவங்ககிட்ட என்ன சொன்னீங்க ஆச்சி?" என்று கேட்பாள். அதற்குத்தான் பயந்து மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நான் மாறிவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன் அக்கா. மூட்டு தேய்ந்துபோன இந்தக் காலத்திலும் யாராவது கை நீட்டினால் உதறிவிடுகிறேன். உதறின பிறகுதான், துட்டி வீட்டில் நான் உருவிக்கொண்ட உங்கள் கையின் சூடு என் உள்ளங்கையில் தெரிகிறது. நீட்டினவர்கள் அதற்குள் போயிருப்பார்கள்.