அண்ணை நிறம் பூசிய துறைமுக ஊர்

என் ஆசை அண்ணைக்கு,

வருகிற ஞாயிறு உங்களுக்கு முப்பத்தோராம் நாள் காரியம். இங்கே மனோர் பார்க்கில் மண்டபம் எடுத்தாயிற்று. ஐயர், சாப்பாடு எல்லாம் ஒழுங்கு. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், அந்தக் கல்வெட்டில்தான் சண்டை வந்தது.

உங்கள் தொழிலை என்னவென்று போடுவது? அக்காவின் புருஷன், எங்கள் பெரியத்தான், கம்ப்யூட்டரில் நீங்கள் இருந்த ஊரைத் தேடியிருக்கிறார். கரீபியன் தீவின் பழைய துறைமுகம், வெள்ளைக்காரன் காலத்து வீதிகள், ஓர் ஆணிகூட மாற்றக்கூடாத பாதுகாக்கப்பட்ட பகுதி என்று வாசித்ததும் மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மரபுரிமைப் பாதுகாப்பு அதிகாரி எண்டு போடுவம்."

"அண்ணை அங்கை சுவருக்குப் பெயின்ற் அடிச்சவர், அத்தான்."

"அதை ஏன் ஊருக்குச் சொல்லவேணும்? நாலு டொக்டர்மார் வருவினம். நீ எட்டாம் வகுப்போடை நிண்டவள், உனக்கு விளங்காது."

அக்கா தேத்தண்ணி ஊற்றினாள்.

பாதுகாப்பு அதிகாரியாம். அங்கே அந்தப் பதவியில் இருந்த ஆளைப் பற்றி நீங்கள் போனில் சொன்னதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. நிற அட்டையைச் சுவரில் வைத்துப் பார்ப்பானாம், மஞ்சள் ஒரு சொட்டுக் கூடினாலும் சுரண்டச் சொல்வானாம். அடிமைகளை விற்ற வியாபாரியின் வீட்டு வாசலில் பித்தளையில் அவன் பெயர். கீழறையில் மனிதரைக் கட்டிய இரும்பு வளையங்களுக்கு வருடாவருடம் நீங்கள் கறுப்புப் பூச வேண்டும், துருப்பிடிக்கக் கூடாதாம்.

"கட்டினவன்ரை பேர் இருக்கு தங்கச்சி, கட்டுப்பட்டுக் கிடந்த ஒருத்தரின்ரை பேரும் இல்லை" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள், அண்ணை?

நீங்கள் இருந்த தகரக் கொட்டில் அந்தப் பகுதிக்கு வெளியே. அது ஒழுகினால் எவனுக்கு என்ன? கனடா என்று சொல்லி ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடத்தில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டீர்கள். ஏணி சறுக்கி நீங்கள் விழுந்த அன்று, அந்த அதிகாரி ஓடிவந்து முதலில் சுவரைத்தான் தடவிப் பார்த்தானாம். கூட வேலை செய்தவர் போனில் அழுதுகொண்டு சொன்னார்.

அவனுடைய பதவியை உங்களுக்குப் போட வேண்டுமாம். தூ.

நேற்று ஷிப்ட் முடிந்த கையோடு அப்டன் பார்க் அச்சகத்துக்குப் போனேன். அத்தான் எழுதிக் கொடுத்த தாளைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார்.

"இதை வெட்டிப்போட்டு பெயின்ரர் எண்டு போடுங்கோ."

"பெரியவரிட்டைக் கேட்டனீங்களோ அக்கா?"

"செத்தது என்ரை அண்ணை. அடியுங்கோ."

"அவர் வந்து என்னையெல்லோ பேசுவார்."

"பேசட்டும். எட்டாம் வகுப்புக்காரி மாத்தினவள் எண்டு சொல்லுங்கோ."

இன்று புத்தகக் கட்டைத் தூக்கி வந்து என் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஞாயிறு வாசலில் நான்தான் நிற்பேன். முதல் புத்தகத்தை அத்தான் கையில் கொடுத்து, உங்கள் தொழிலை எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொல்வேன். அவருக்கு வாய் வராவிட்டால், நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இது சத்தியம்.

உங்கள் கடைசித் தங்கச்சி