அப்பா பாஸான பரீட்சை

என் கண்ணுக்குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முட்டிவலியும் சுகமாகத்தான் இருக்கிறது, அவரை விட்டு நகர்வதாக இல்லை. உனக்குச் சளி விட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானே நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாயே, அப்போது அவர் பக்கத்திலேயே நின்று சொல்லாதே சொல்லாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவரே அனுமதி கொடுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடக்கிறது, சாதாரண மனுஷர்களை வீரர்களாக்கும் வகுப்பு. சிரிக்காதே, நானும் சிரித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். நடத்துகிற மனோதத்துவ வாத்தியாருக்கு உன் வயதுதான் இருக்கும். தெருவில் ஒருத்தர் விழுந்தால் பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பது கல்மனசால் இல்லையாம், ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள், அவரே சும்மா இருக்கிறார் என்றால் ஒன்றும் இருக்காது என்று எல்லாரும் சேர்ந்து சும்மா இருந்துவிடுகிறார்களாம். இதற்கு மருந்து, முதல் ஆளாக எழுந்திருப்பது, பிறகு யாராவது வாங்க என்று பொதுவாகக் கத்தாமல் ஒரே ஒருத்தரை அடையாளம் சொல்லி ஒரே ஒரு வேலை கொடுப்பது. நீச்சல் மாதிரி இதையும் பழகிக்கொள்ளலாம் என்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஆயுசு முழுக்கச் செருப்புக் கடையில் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து ஷூ மாட்டிவிட்டவர், இன்றைக்கும் யாரிடமும் முகம் பார்த்துப் பேச மாட்டார், பாதம் பார்த்துத்தான் பேசுவார். வரிசையில் எவனாவது குறுக்கே புகுந்தால், பாவம் என்ன அவசரமோ என்று இவர் ஒரு அடி பின்னால் போவார். நீயும் நானும் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்ததெல்லாம் உள்ளே தங்கியிருக்கிறது போல, அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த வாத்தியாருக்கு ஒரு பழக்கம், சொல்லாமல் கொள்ளாமல் பரீட்சை வைப்பது. ஒருநாள் மாடிப்படியில் ஒரு பெண் பையைக் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுதாள், எல்லாம் அவர் ஏற்பாடு. உன் அப்பா அவளைச் சுற்றிக்கொண்டு மேலே போய், பின்னால் வருகிறவர்களுக்கு மரியாதையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பே சிரித்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா, அவ செருப்பு ஒரு நம்பர் சின்னது, அதைக்கூடக் கவனிச்சேன், கைதான் நீளல என்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஊரே அவருக்குப் பரீட்சை ஹாலாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் தோளைத் தட்டி, எதுவும் நிரந்தரமில்லை என்று ஆறுதல் சொன்னார், அந்த ஆளுக்கு ஜலதோஷம். ரோட்டோரம் நின்ற ஒரு அம்மாவைக் கைபிடித்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார், அந்த அம்மா இந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர். இவர் திரும்பக் கூட்டி வருவதற்குள் பஸ் போயே போய்விட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு வகுப்பில் வாத்தியார் பிஸ்கட்டைக் கடித்தபடி பேசிக்கொண்டிருந்தார், பேச்சு பாதியில் நின்றது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார், மேஜையைத் தட்டினார், முகம் நிறம் மாறியது. ஆஹா பரீட்சை என்று நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். முன்வரிசைக்காரர் குறிப்புகூட எழுதினார். நடிப்பு கொஞ்சம் தூக்கல் என்றுதான் நானும் நினைத்தேன். உன் அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. வாத்தியாரைக் குனியவைத்து, அவர் முன்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி அடித்தார், அடித்துக்கொண்டே கூட்டத்தின் பக்கம் திரும்பி, முகம் பார்க்கத்தான் பழக்கமில்லையே, தரையைப் பார்த்து, “பிரவுன் ஷூ, எட்டாம் நம்பர், நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க” என்றார். அத்தனை பேரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தோம். இரண்டு பேர் எழுந்தார்கள். அப்பா “லேஸ் அவிழ்ந்தவர்” என்றார், மற்றவர் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு அடியில் பிஸ்கட் தெறித்துக் குறிப்பெழுதினவர் மடியில் விழுந்தது. கண்ணில் நீர் வழிய வாத்தியார் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்க, உன் அப்பா விறைப்பாக நின்று, “சார், இப்ப நான் பாஸா?” என்று கேட்டார். நிஜம், நிஜம் என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அது நடிப்பில்லை என்று எங்களுக்கெல்லாம் புரிந்தது.

எல்லாரும் வீரர் வீரர் என்று கொண்டாடி, அடுத்த வாரம் அவர் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. மார்க்குக்காகச் செய்ததற்கு மாலையா என்றார். பிள்ளையாவது நம்மைப் பெரிசாக நினைக்கட்டும், பரீட்சை என்று நினைத்ததை அவளிடம் சொல்லாதே என்பார், கொஞ்ச நேரத்தில் அதுவும் திருட்டுத்தனம்தான் என்பார். நீ போனில் கேட்ட குரல் அதுதான். நேற்று எழுந்து நின்றார். முதல் தடவையாக எங்கள் முகங்களை நேராகப் பார்த்து, “பரீட்சைன்னு நினைச்சுத்தான் எந்திரிச்சேன். நிஜம்னு தெரிஞ்சிருந்தா எந்திரிச்சிருப்பேனான்னு எனக்கே தெரியாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் அந்த லேஸ் அவிழ்ந்தவர் மெதுவாக, “நானும் பரீட்சைன்னுதான் நினைச்சேன் அண்ணே. நீங்க கூப்பிடற வரைக்கும் உக்காந்துதானே இருந்தேன்” என்றார். அப்பா இன்று காலை இரண்டு முறை சாப்பிட்டார். வகுப்பில் இனிச் சொல்லாத பரீட்சை கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது.

உன் ஆபீஸில் புதிதாக வந்த பெண்ணை மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டுகிறார், நாங்கள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று சொன்னாயே. சண்டைக்குப் போ என்று நான் சொல்லவில்லை, வேலை முக்கியம். அடுத்த தடவை எழுந்துபோய் அவள் மேஜையில் ஒரு தம்ளர் தண்ணீர் வை. பரீட்சை என்று நினைத்துக்கொள், கால் தானாக எழுந்துவிடும்.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் எழுதும்போது அந்தப் பெண் என்ன நம்பர் செருப்பு போடுகிறாள் என்று மறக்காமல் எழுத வேண்டுமாம், அப்பா கேட்கச் சொன்னார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா