மூன்றாவது பெடல்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன். இங்கே எனக்கு வழக்கமான இருமலைத் தவிர வேறு குறை இல்லை. உன் அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னை நன்றாகத் திட்டுகிறாள், அதிலிருந்தே அவள் நலம் உனக்குப் புரிந்திருக்கும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வாங்கிக்கொண்டு, எல்லாரும் சௌக்கியம், நீ சாப்பிட்டியா, வை என்று முடித்துவிடுகிறாள். இந்த விஷயத்தைக் குறுக்கே யாரும் வராமல் சொல்லவேண்டும், அதனால்தான் நாற்காலிக் கொட்டகையில் ஒரு மேசையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன தடவை பேசும்போது, பிக்கப்பை விற்றுவிட்டு, நாற்காலி மேசை வாடகைத் தொழிலையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, இரண்டு பேரும் என்னிடம் வந்துவிடுங்கள் என்றாய். அக்கறையில் சொன்னாய், எனக்குத் தெரியும். உன் அம்மா போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள் இல்லையா, அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் சொல்கிறேன். மேசை இறக்கும்போது அவள், தானே ஓட்டிவந்த வண்டியின் பின்பக்கத்திலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு உடைந்ததும், உள்ளே தகடு வைத்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். எலும்பு கூடிவிட்டது, நடக்கிறாள், படி ஏறுகிறாள். ஆனால் அந்தக் காலுக்கு ஒன்றை அழுத்தி மிதிக்கும் பலம் மட்டும் அப்போது வரவில்லை. நம் வண்டியின் க்ளட்ச் எவ்வளவு கெட்டி என்று உனக்கே தெரியும், காலேஜ் படிக்கும்போது ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் நொண்டிக்கொண்டு போனாய். அவளால் பாதிவரைதான் மிதிக்க முடிந்தது. பாதி க்ளட்சில் கியர் போட்டால் அது அலறுகிற அலறல் தெருக்கோடிவரை கேட்கும். இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாவது தடவை முயற்சி பண்ணாமலே சாவியை ஆணியில் மாட்டினாள். எனக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஆகாது, நம் வீட்டு கேட் தூணில் அதற்கான சாட்சி இன்னும் இருக்கிறது. அதனால் ஒரு டிரைவரை வைத்தோம். நிதானம் என்று அவருக்குப் பட்டப்பெயர், ஆளும் அப்படித்தான். உன் அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இப்ப மிதிங்க, இப்ப விடுங்க, வண்டி திணறுறது காதுல விழலையா என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். கீழே பார்த்தால் இவளுடைய இடது கால் தரை விரிப்பை அமுக்கிக்கொண்டிருக்கிறதாம். ஒரு வாரம் பொறுத்துவிட்டு மனிதர் என்னிடம் வந்து, ஐயா, ஒண்ணு அம்மாவை வீட்டுல வச்சுக்குங்க, இல்லேன்னா என்னை விட்டுடுங்க என்றார். இரண்டில் எது நடக்கிற காரியம் என்று யோசித்து அவரை அனுப்பிவிட்டேன்.

உன் போன் வந்த அன்று சாயங்காலம், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, வித்துடலாங்க, பாப்பா சொல்றதும் சரிதான் என்றாள். குரலில் கோபமே இல்லை. பாப்பா, எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. சண்டை போடாமல் அவள் ஒன்றை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே கிடையாது. கத்தியிருந்தால் மறுநாளே விற்றிருப்பேன். அதற்கப்புறம் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்ப்பதும், யாராவது நாற்காலி கேட்டு வந்தால் நீங்களே பேசிக்குங்க என்று உள்ளே போவதுமாக இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உன் மாமாவின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், உன் அம்மா காலுக்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அப்புறம், க்ளட்சே இல்லாம பண்ணலாம் மச்சான், தானே கியர் மாத்திக்கிற பெட்டி வைக்கலாம், ஆனா பெட்டி மட்டும் மாத்தினா பத்தாது, அது எந்த என்ஜினோட பொறந்ததோ அதையும் சேர்த்து ஜோடியா எடுக்கணும் என்றான். நம் என்ஜினும் எண்ணெய் குடித்துப் புகை கக்கிக்கொண்டு எப்போது விடைபெறலாம் என்று இருந்ததுதானே. மாமா காயலான் கடைகளில் அலைந்து, பின்பக்கம் இடிபட்டு நசுங்கிய ஒரு வேனிலிருந்து என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒயர் மூட்டையோடு எடுத்து வந்தான். முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது, ரெண்டு பெடல் இருந்தா அது வண்டியா, குழந்தைங்க ஓட்டற பொம்மை என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஆனால் என்ஜினைத் தூக்குகிற அன்று ஊன்றுகோலோடு ஷெட்டுக்கு வந்து நம் நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். செயின் பிளாக்கில் பழைய என்ஜின் மேலே வரும்போது நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து, பார்த்து, அந்த ஹோஸ் மாட்டுது என்றாள். புதிய என்ஜின் உட்காரப் பழைய தாங்கிகள் பொருந்தவில்லை, மாமா வெட்டி வெல்டிங் வைத்துப் புதிதாகச் செய்தான். கியர்பாக்ஸ் பழையதைவிட நீளம், அதனால் அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் குறைக்க வேண்டியிருந்தது. டேப் பிடிக்கிற வேலை எனக்கு. நானும் படுத்து உருண்டு சட்டை முழுக்க கிரீஸாக்கிக்கொண்டு அளந்து கொடுத்தேன், மாமாவும் லேத்துக்காரரிடம் வெட்டி வாங்கி வந்தான். மாட்டி, வண்டியை இறக்கினால் ஷாஃப்ட் உள்ளே போய் இடிக்கிறது. இரண்டு பேரும் திரு திரு என்று விழிக்கிறோம். அம்மா நாற்காலியிலிருந்தே, நீங்க அளக்கும்போது வண்டி மேல நின்னுச்சு, சக்கரம் தொங்கிட்டிருந்துச்சு, அது தரையிலதானே ஓடப்போகுது என்றாள். இது தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கென்ன என்று கேட்டேன். பொம்மை வண்டிதானேன்னு விட்டுட்டேன் என்றாள். மறுபடி வண்டியைத் தரையில் நிறுத்தி, பின்னால் மேசைகளை ஏற்றி, அவள் முன்னாலேயே அளந்து, மறுபடி வெட்டினோம். என்ஜின் மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிந்து வாங்க மாமா நடந்த நடையில் ஒரு செருப்பு தேய்ந்தது, அது தனிக்கதை.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வண்டி தயாரானதும் அவளை ஏற்றி உட்கார வைத்தோம். நடுவில் மாமா, ஓரத்தில் நான். நெம்புகோலை இழுத்தாள், வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது, சத்தமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், எத்தனையோ மாசத்துக்கப்புறம் பழைய முகம். தெரு முனை வந்தது. திரும்புகிற இடத்தில் அவள் கால் என்ன செய்யும் சொல், இத்தனை வருஷமாகச் செய்ததைத்தான் செய்தது. க்ளட்ச் இருந்த இடத்தை இடது கால் ஓங்கி மிதித்தது, அங்கே இருந்ததோ அகலமான பிரேக் பெடல். வண்டி நட்டுக்கொண்டு நின்றது. மாமா நெற்றி டேஷ்போர்டில், என் மூக்குக் கண்ணாடி மாமா மடியில். பின்னால் வந்த சைக்கிள்காரர் எங்கள் மூன்று தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனார். மறுபடி கிளப்பினாள், அடுத்த திருப்பத்தில் மறுபடி அதே. அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று, என் காலைவிட்டு வண்டி போயிடுச்சுங்க, நான்தான் விடாம பிடிச்சிட்டிருக்கேன், பாப்பாகிட்ட டிக்கெட் போடச் சொல்லுங்க என்றாள். கண் கலங்கியிருந்தது. வாழ்க்கையில் அவளுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, அவள்தான் எனக்குச் சொல்லுவாள். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியே உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, அந்தப் பழைய க்ளட்ச் பெடல் எங்க என்று கேட்டாள். ஷெட்டில் குப்பையோடு கிடக்கும் என்றேன். அதை இருந்த இடத்துலயே மாட்டச் சொல்லுங்க, இந்த அகலப் பெடலைக் கழட்டிட்டுப் பழைய பிரேக் பெடலையும் மாட்டச் சொல்லுங்க என்றாள். எதோடும் சேராத பெடலை எதுக்குக்கா மாட்டணும் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டான். நாளைக்கு வேற மெக்கானிக் பார்த்தா என்னை என்னன்னு நினைப்பான் என்று அவனுக்குக் கவலை. என் கால் போய் நிக்க ஓர் இடம் வேணும்டா, அது வேலை செய்யணும்னு யார் கேட்டா என்றாள். பழைய இடத்திலேயே பெடலை மாட்டி, மிதித்தால் திரும்பி வருவதற்கு மட்டும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வைத்துக் கொடுத்தான். கேபிள் கிடையாது, ஒன்றும் கிடையாது. மறுநாள் காலை தெரு முனை, இடது கால் போனது, மிதித்தது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்குத் திரும்பியது. அப்படியே ஒரு சுற்று முடித்துவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தி, நாற்காலி ஏத்துங்க, எவ்வளவு நேரம் நிப்பீங்க என்றாள். பாப்பா, அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்னும் முடியவில்லை. தினமும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த ஒன்றுக்கும் உதவாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நாளில் மாமாவிடம் போய், ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு, வேற போடு என்றாள். போட்டான். அப்புறம் அதைவிடக் கெட்டியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டரம்மா, என்ன பயிற்சி செய்றீங்க, தொடையில சதை பிடிச்சிருக்கே என்று கேட்டபோது, நாற்காலி வாடகைக்கு விடறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். போன வாரம் மாமாவிடம், பழைய க்ளட்ச் எவ்வளவு கெட்டியோ அந்த அளவுக்கு வை என்றாள். வைத்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள், பெடல் தரையைத் தொட்டது. எடுத்தாள். மறுபடி தொட்டது. எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், தம்பி, அந்தப் பழைய கியர்பாக்ஸை வித்துட்டியா என்று கேட்டாள். உன் மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அது இந்த என்ஜினோட சேராதுக்கா, ஷாஃப்டையும் வெட்டியாச்சு என்று கெஞ்சினான். வெட்டத் தெரிஞ்சவனுக்கு நீட்டத் தெரியாதா, அது உன் பாடு, அவசரம் ஒண்ணும் இல்லை, எடுத்து வைன்னுதான் சொல்றேன் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் நாங்கள் அங்கே வந்து தங்குகிற பேச்சு இப்போதைக்கு வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இரண்டு பேரும்தான் லீவு போட்டு வரவேண்டும். வந்து இறங்குகிற இடத்துக்கு உன் அம்மாவே வண்டி எடுத்துக்கொண்டு வருவாளாம், வாடகைக் கார் வைக்கக் கூடாது என்று உத்தரவு. போனில் காலைப் பற்றி எதுவும் கேட்காதே, நான் எழுதினது தெரிந்துவிடும். வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. கொட்டகையில் ஈரம் படும் என்று அந்தக் கியர்பாக்ஸைத் தார்ப்பாயில் சுற்றி உன் அறையில், உன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். வந்த சந்தோஷத்தில் ஓடிப் போய்க் காலை இடித்துக்கொள்ளாதே, இந்த வீட்டுக்கு உடைந்த கால் ஒன்று போதும்.

இப்படிக்கு,
சாவி இருந்த ஆணியில் இப்போது தன் சட்டையை மாட்டிக்கொள்ளும்
உன் அப்பா