செனட்டர் இல்லாத வீடு

அன்பு மக யோலிக்கு அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு போக மத்தபடி சௌக்கியம், நீ அந்தப் பாலைவனத்துல வேளைக்குச் சாப்பிட்டு பத்திரமா இருக்கணும்னு ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுல உன் பேரச் சொல்லி ஜெபம் பண்றோம். அனுப்பின போட்டோ வந்துச்சு, இளைச்சுட்ட. உங்கம்மா அதப் பாத்துட்டு, ராணுவத்துல சோறு போடுறாங்களா இல்ல மண்ண அள்ளிப் போடுறாங்களான்னு என்கிட்ட கேக்குறா.

பேத்தி நைலா நல்லா இருக்கான்னுதான் மாப்பிள்ளை டுவெய்ன் உனக்குப் போன்ல சொல்லியிருப்பான், துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிக்கிறவகிட்ட வேற எதச் சொல்றதுன்னு அவன் நெனைப்பு. எனக்கு மூடி மறைக்கத் தெரியாதும்மா. புள்ளைக்கு மூச்சிழுப்பு இன்னும் நிக்கல. தளத்துல உங்களுக்குக் குடுத்த குவார்ட்டர்ஸ்ல அவ படுக்கிற ரூம் செவுத்துல பூஞ்சணம் மறுபடியும் கருகருன்னு பூத்திருக்கு. அந்த வீடுகளப் பாத்துக்கிற கம்பெனிக்கு மாப்பிள்ளை போன் போட்டுப் போட்டு ஓஞ்சுட்டான், ஒரு நாள் ஒருத்தன் வந்து அது மேலயே வெள்ளையடிச்சுட்டுப் போனான், பத்து நாள்ல பெயிண்ட்டத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துடுச்சு. தளத்து அதிகாரியக் கேட்டா கம்பெனியக் கேளுங்கறாரு. வேற வீடு பாக்கலாம்னா இந்த ஊர்ல உடனே கிடைக்குதா. எங்ககிட்டயே வெச்சுக்கலாம்னா, இது கெழடுகளுக்குன்னு கட்டின கட்டடம், புள்ளைங்கள ராத் தங்க வெக்கக் கூடாதுன்னு மானேஜரம்மா ஏற்கனவே ரெண்டு தடவ கதவத் தட்டிட்டா.

உங்க பக்கத்து வீட்டு கிர்ஸ்டனத் தெரியும்ல, புருஷன் கப்பல் படையில இருக்கானே, அந்தப் பொண்ணுதான். அவ வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு, அங்கயும் இதே பூஞ்சணம்தான். அவ என்ன பண்ணினா தெரியுமா, அவங்க ஐடஹோ மாநிலத்து செனட்டர் ஆபீசுக்கு ஒரு போன். அவ்வளவுதான். அந்த வாரமே நாலு பேரு முகமூடி மாட்டிக்கிட்டு வந்து, செவுத்தப் பேத்து, உள்ள இருந்த ஓட்டக் குழாய மாத்தி, புதுசாப் பலக அடிச்சுட்டாங்க. நான் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அதுல ஒருத்தன்கிட்ட, தம்பி, இந்தப் பக்கமும் அப்படியே பாத்துட்டுப் போப்பான்னேன். சார், எனக்குக் குடுத்த உத்தரவுல அந்த நம்பர் வீடு மட்டும்தான் இருக்குன்னுட்டான். அவனக் குத்தம் சொல்லி என்ன புண்ணியம்.

கிர்ஸ்டன் ஐடஹோவ விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் ஓட்டு அங்கதான், தபால்ல போடுறா. அந்த வரிசையில இருக்கிற எல்லாக் குடும்பமும் அப்படித்தானே, பட்டாளத்துக்காரன் எங்க போய்த் தங்கினாலும் சொந்த ஊர் ஓட்டு கூடவே வரும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வந்துதான் இருக்கு, என்ன பண்றது, சொந்த ஊரே எந்த மாநிலத்துலயும் சேராத இந்தத் தலைநகராப் போச்சு. வெளியூர்க்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு செனட்டர், இங்கயே பொறந்து வளந்த நமக்கு ஒருத்தனும் இல்ல. கோவத்துல எழுதுறேன்மா, தப்பா எடுத்துக்காத.

அந்தப் பொண்ணுக்கு நல்ல மனசு. வாங்க, எங்க செனட்டர் ஆபீசுலயே கேப்போம்னு என்னக் கார்ல கூட்டிக்கிட்டுப் போனா. அந்தக் கட்டடத்து வாசல் வழியாத்தான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், உள்ள போனது இதான் மொதத் தடவ. டை கட்டின பையன், தன்மையாத்தான் பேசினான். நீங்க எந்த மாநிலம் சார்னான். மாநிலம் இல்ல தம்பி, இதே ஊர்தான், ஆத்துக்கு அந்தப் பக்கம்னேன். ஐடஹோவுல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டான். உங்க ஊர் உருளைக்கிழங்கு நெறைய தின்னுருக்கேன் தம்பி, அத விட்டா வேற உறவு ஒண்ணும் இல்லன்னேன். சிரிச்சான். அப்புறம், எங்க மாநிலத்து ஆளுங்களுக்கு மட்டும்தான் நாங்க செய்ய முடியும்னு தண்ணி பாட்டில் ஒண்ணக் கையில குடுத்து அனுப்பி வெச்சான். எம்பேத்தியோட மூச்ச அவன்கிட்டப் பிச்சையாக் கேட்டுட்டுத் தண்ணியோட வந்தேன். நம்ம ஊர்ப் பிரதிநிதி ஆபீசுக்கும் போனேன், உக்கார வெச்சு எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாங்க, கம்பெனிக்குக் கடுதாசியும் போட்டாங்க, குறை சொல்லக் கூடாது. பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்துச்சு, இன்னும் பரிசீலிக்கிறான். நம்ம பிரதிநிதிக்குச் சபையில பேச நாற்காலி குடுத்திருக்காங்க, ஓட்டுப் போட விடலயே, அது கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா.

இப்ப நைலா கிர்ஸ்டன் வீட்டுலதான் படுத்துக்கிறா, அங்க படுத்தா இருமல் கொறையுது. நம்ம புள்ள ஐடஹோ தயவுல மூச்சு விடுதுன்னு உங்கம்மா சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதுட்டா. ஆனா அவங்களுக்கு மாத்தல் வந்துடுச்சு யோலி, அடுத்த மாசம் சாமானக் கட்டுறாங்க. அதுக்கப்புறம் என்னன்னு கேக்காத. எனக்குத் தெரியல.

உனக்கு அடுத்த போஸ்டிங் மறுபடியும் டெக்சாஸ்னு எழுதியிருந்த. மொதத் தடவ அங்க போனப்போ ஆபீசுல இருந்தவன் பேப்பர நீட்டி, இதையே சொந்த ஊர்னு போட்டுக்கோ, மாநில வரி மிச்சம், எல்லாரும் அதத்தான் செய்யுறாங்கன்னு சொல்ல, நான் வாஷிங்டன்காரின்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்தியே. அத பஸ் டிப்போவுல பாக்குறவன்கிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லித் திரிஞ்சேன். நானும் பட்டாளத்துல இருந்தவன்தான், திரும்பி வந்த நாள்லருந்து இந்த ஊருக்கு ஓட்டுரிமை வேணும்னு அட்டையத் தூக்கிக்கிட்டு நடந்தவன்தான். இப்ப அப்பா சொல்றதக் கேளு. இந்தத் தடவ அவன் நீட்டினா உக்காந்து கையெழுத்துப் போட்டுடு, மாப்பிள்ளையையும் போடச் சொல்லு. நைலாவுக்கு ஒரு செனட்டர் வேணும். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.

கடவுள் உன்ன முழுசாக் கொண்டுவந்து சேக்கட்டும், உன் கூட இருக்கிற புள்ளைங்களையும். காலுறைய ஈரத்தோட போட்டுக்காத. பேப்பர மறந்துடாத. போட்டதுக்கப்புறம் எனக்குச் சொல்ல வேண்டாம், நானாத் தெரிஞ்சுக்கிறேன்.

மகளுக்காகத் தட்ட ஒரு கதவும் இல்லாத உன் அப்பா,
கிளிஃப்டன் காஸ்கின்ஸ்