போர்ட்டிகோவில் டிவி மாட்டிவிட்டோம், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

கடப்பாக்கம் வீட்டுப் போர்ட்டிகோவில் டிவி மாட்டியாகிவிட்டது. உன் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தார்களே, அதே சுவரில்தான். நீ கேட்டபோது வராத டிவி, நீ போய் ஒரு வருஷம் ஆகும் சமயத்தில் வந்திருக்கிறது. யாருக்காக என்று கேட்கிறாயா? ஆலம்பரைக் கோட்டை பார்க்க வந்து, நம் மாடி அறையில் வாடகைக்குத் தங்குகிறவர்களுக்காக.

இதை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்லியிருக்கலாம். எழுதுகிறேன் என்றால், நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான். உன் அருமைப் பிள்ளை சேகரும் படிப்பான். நன்றாகப் படிக்கட்டும்.

அவன்தான் போன் செய்தான். "அக்கா, போர்ட்டிகோவுக்கு ஒரு டிவி பாக்கணும். எனக்கு ஒண்ணும் புரியல. செங்கல்பட்டு கடைக்கு நீயும் வாயேன்." எனக்கு மதுராந்தகத்தில் ஆபீஸ். லீவு போட்டுவிட்டுப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அந்தப் போர்ட்டிகோவுக்கு டிவி வைடா என்று நான் அவனிடம் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "வெளிய வெச்சா உப்புக்காத்துல ஒரே மாசத்துல பூடும்க்கா. அதுக்குன்னு டிவியே கெடையாது" என்று சாதித்தவன் அவன்.

இருக்கிறது நைனா. வெளியில் மாட்டுவதற்கென்றே டிவி இருக்கிறது. அவுட்டோர் டிவி என்கிறார்கள். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். சாதாரண டிவியை வெளியில் வைத்தால் பகலில் படம் வெளுத்துப்போகும், நம் முகம்தான் தெரியுமாம். இது வெயிலிலும் பளிச்சென்று தெரியுமாம், கண்ணாடி மினுங்காதாம். பின்பக்கம் முழுக்க அடைப்பு, உப்பும் ஏறாது, எறும்பும் போகாது. "மழச்சாரலு, புழுக்கம், உப்புக்காத்து, எது பட்டாலும் தாங்கும் சார். வெளியவே கெடக்கறதுக்குன்னு செஞ்சது" என்றார்.

உன்னை அப்படிச் செய்யவில்லையே நைனா. மதுராந்தகத்து ரைஸ் மில் லாரியை முப்பது வருஷம் ஓட்டிய உடம்பு. வயசில் கருங்குழி கபடி டீமில் ரெய்டு போன உடம்பு. அதைக் கடைசி இரண்டு வருஷம் வெளியிலேயே போட்டு வைத்தார்கள்.

அப்புறம் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "வெயிலு எந்தப் பக்கம் அடிக்கும்? எத்தினி மணி வரைக்கும் செவுத்துல படும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் மடமடவென்று சொன்னான். "கெழக்க பாத்த வூடு சார். காலைல ஏழு மணிக்கு செவுரு வரிக்கும் வந்துடும், கட்டிலு ஃபுல்லா வெயிலுதான். ஒம்போதுக்குக் கால்மாடு. பத்துக்கு மேலதான் எறங்கும்."

"கட்டிலா? இன்னா கட்டிலுடா?" என்று கேட்டேன்.

அவன் பக்கத்திலிருந்த ஒரு ரிமோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உன் மேல் வெயில் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று அவனுக்கு மணிக்கணக்கோடு தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று ஒரு வருஷமாக என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையோடு அது தீர்ந்தது.

உனக்கு இருமல் என்று போர்ட்டிகோவுக்குக் கட்டிலை மாற்றினான். "ஏசி உனக்கு ஒத்துக்காது நைனா, வெளிய நல்லா காத்து வரும்" என்றான். என்ன காற்று வந்தது? உன் தலைமாட்டுக்கு மேலேயே ஏசியின் அவுட்டோர் யூனிட்டை மாட்டி வைத்திருந்தான். உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர், உனக்கு அந்தப் பெட்டி கக்கும் அனல். ஹாலில் டிவியில் கபடி ஓடும். குளிர் போய்விடும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். நீ கைத்தடியால் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஸ்கோரு இன்னாடா?" என்பாய். யாரும் திறக்க மாட்டார்கள்.

சரி, டிவியை எடுத்தோம். நல்லதாகவே பார்த்து எடுத்தேன், துருப்பிடிக்காத ஸ்டாண்டு, எட்ட உட்கார்ந்தாலும் கேட்கிற சவுண்டு எல்லாம் இருக்கிறது. "தேங்க்ஸ்க்கா" என்றான். "உன் தெவசத்துக்குள்ள மாட்டிடுடா" என்றேன். "நைனா தெவசத்துக்குன்னு சொல்லுக்கா" என்று சிரித்தான். வாய் தவறித்தான் சொன்னேன், நைனா. ஆனால் திருத்திச் சொல்ல மனசு வரவில்லை.

தெவசத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். உன் தம்பி, கண்ணன் சித்தப்பா, கருங்குழியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஹாலில் உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படையல் வைத்தோம். நெத்திலி வறுவல், கறிக்குழம்பு, ஒரு கட்டு பீடி. சேகர் கற்பூரம் காட்டினான். இனி என்ன செய்வோம் என்பது உனக்குத் தெரியுமே. செத்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்போம். ஐந்து நிமிஷம் கழித்து மூன்று தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவோம்.

எல்லாரும் வெளியே போன பிறகு நான் கடைசியாகக் கிளம்பினேன். ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். ஹால் டிவியில் யூடியூபில் தேடி, போன வருஷத்துக் கபடி இறுதி ஆட்டத்தைப் போட்டேன். உன் காரியத்தன்று நடந்த ஆட்டம் அது. நம் வீட்டில் யாரும் பார்க்கவில்லை, யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. சத்தத்தை நன்றாக ஏற்றினேன். வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. "தட்லாமாக்கா?" என்றான் சேகர்.

"ஆட்டம் முடியட்டும்."

"இன்னா ஆட்டம்?"

"கபடி. நைனா பாத்துகினு கீறாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். உச்சி வெயில். தலைக்கு மேல் அவுட்டோர் யூனிட் அனலை ஊதிக்கொண்டிருந்தது. "சரி, அதுவரிக்கும் இந்த டிவியயாவது போடலாம். ரிமோட்டு எங்கக்கா?" என்றான்.

"படையல்ல வெச்சிட்டேன், பீடிக்குப் பக்கத்துல. நைனா குடுத்தா வாங்கிக்கோ."

அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் உறைத்தது. சேகர் பெண்டாட்டி மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். "வெந்துபூடுவோம்க்கா. பெரியவங்கல்லாம் கீறாங்க, பேஜாரு பண்ணாத" என்றான் அவன்.

"அவரு வேகலையாடா? ரெண்டு வருசம் இங்கதான கெடந்தாரு? ஏழு மணிக்குக் கட்டிலு ஃபுல்லா வெயிலு, ஒம்போதுக்குக் கால்மாடு. நீதான சொன்ன?"

கண்ணன் சித்தப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உக்காருடா சேகரு. எங்க அண்ணன் ஆட்டம் பாக்கட்டும்" என்றார். சேகர் உட்கார்ந்தான். புது டிவி கறுப்பாகச் சுவரில் கிடந்தது.

நாற்பது நிமிஷ ஆட்டம், நடுவில் இடைவேளை வேறு. உள்ளேயிருந்து கூச்சல் கேட்கும், விசில் கேட்கும், எண் மட்டும் காதில் விழாது. அந்த ஏசிப் பெட்டியின் இரைச்சல் அதை அமுக்கிவிடும். இரண்டு வருஷம் உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சேகரின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் உள்ளே பெரிய ஆரவாரம். சேகர் தன்னை அறியாமல் எழுந்து என் நாற்காலிக்கு மேலே கையை நீட்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினான். "ஸ்கோரு இன்னா?" என்றான்.

உள்ளேயிருந்து யார் பதில் சொல்வார்கள்? நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு உன் கட்டில் கிடந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான்.

மனசு குளிர்ந்ததா என்று கேட்பாய். குளிர்ந்தது நைனா. உன்னிடம் எதற்குப் பொய்? நன்றாகக் குளிர்ந்தது.

ஆனால் மூன்று தட்டுத் தட்டிக் கதவைத் திறக்க எழுந்தபோது எனக்குக் கை வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தேன். ஹாலில் ஏசியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவில் இரண்டு தட்டு. நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்து அன்றைக்கு நீ என்னைத்தான் கேட்டாய். "ஸ்கோரு இன்னாம்மா?" எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்தே வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? உனக்குக் கேட்கட்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தை ஏற்றினேன். அதையே பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாய் சோற்றை எடுத்தேன்.

அதற்கு என்னை யார் வெளியில் உட்கார வைப்பது? நானேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சித்தப்பாதான் தட்டினார். திறந்தால் உள்ளே ஒரே குளிர். ஆட்டம் முடிந்து, தானாக ஓடிய அடுத்த வீடியோவில் யாரோ ஒரு பெண் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியில் இருந்த எங்கள் யாருக்கும் ஸ்கோர் தெரியாது. மல்லிகா போனை எடுத்துத் தேடப் போனாள். வேண்டாம் என்று பிடுங்கி வைத்துவிட்டேன்.

நான் தேடிப் பார்க்க மாட்டேன் நைனா, இது சத்தியம். ஒவ்வொரு தெவசத்துக்கும் கதவைப் பூட்டுவேன். உள்ளே உனக்கு முழு ஆட்டம் ஓடும், வெளியே சேகரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் இந்த வீட்டில் நீ ஒருத்தன்தான். என்றைக்காவது எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லு.

ஸ்கோரு இன்னா நைனா?

கதவுக்கு வெளியே காத்திருக்கும்
உன் மூத்த மகள்