நாற்பத்தொன்றாவது மூச்சு

அன்புள்ள உனக்கு,

நலமா? முழங்கால் வலி தேவலையா? எழுதப்போவது மூன்று:
1. என் உடல்நிலை.
2. படபடப்பு தணிந்த விதம்.
3. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன வாரம் இரத்த அழுத்தம் சற்றுக் கூடிவிட்டது. குறையாவிட்டால் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையை விட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். தினமும் மொட்டைமாடியில் நின்று நூறு மூச்சு எண்ணச் சொன்னார். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்ற பயத்தில் எனக்குப் படபடப்பு கூடியதுதான் மிச்சம்.

நேற்று மாலை நாற்பத்தொன்றை எண்ணும்போது, ஆயிரக்கணக்கான சிறு பறவைகள் ஒரே துணியை உதறியதுபோல வானத்தில் திரும்பின. ஒன்றுகூட மற்றொன்றில் மோதவில்லை. யார் சொல்லித் திரும்புகின்றன என்றும் புரியவில்லை. வாய் பிளந்து நின்றேன். எண்ணிக்கை மறந்தது, படபடப்பும் அடங்கியது.

"இங்க பாரும்மா" என்று, நீ நிற்பதாக எண்ணி, என்னை அறியாமல் பக்கத்தில் திரும்பிச் சொன்னேன்.

அங்கே நின்ற எங்கள் அச்சகத்துப் பைண்டிங்காரர், "பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன். ஆனா அம்மான்னா என் மீசை கோவிச்சுக்கும்" என்றார்.

இன்று அழுத்தம் குறைந்திருக்கிறது. வேலை தப்பியது.

சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் நான்கு அனுப்பு. கடையில் வாங்காதே, உன் தையல் டப்பாவில் இருப்பதே போதும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அவசரமாக ஒருமுறை மெய்ப்புப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. மூன்றாவது குறிப்புதான் தவறு.